பிளைவுட் நோக்கில் பிக்கப் டிரக்: நடுத்தரமும் பெருந்தரமும், ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சிக்கல்

டெக்சாஸ் மாநிலம், டல்லாஸை அடுத்த ஃபிரிஸ்கோ. நவராத்திரிக்கு மூன்று வாரம் இருந்த ஒரு காலைப்பொழுதில், இவ்வாய்வாளரின் மனைவி அடுப்படியிலிருந்து ஒரு வினாவை எழுப்பினார்: "என்னங்க, இந்த வருஷம் கொலுவுக்கு ஒன்பது படி வைக்கணும். பிளைவுட் எப்ப வாங்கிட்டு வரப்போறீங்க?"

சாதாரண மனிதர் இதை வீட்டுவேலை என்று கருதிக் கடைக்குக் கிளம்பியிருப்பார். இவ்வாய்வாளர் இதில் ஒரு பிக்கப் டிரக் வாங்குவதற்கான முகாந்திரத்தைக் கண்டார். டிரக் வாங்குவது என்று முடிவாயிற்று. முடிவெடுத்த குழுவில் ஆய்வாளர் மட்டுமே உறுப்பினர். எஞ்சியது எதை வாங்குவது என்பதே.

அமெரிக்கச் சந்தையில் டிரக்குகள் இரு குலமாக நிற்கின்றன. டொயோட்டா டகோமா, ஃபோர்டு ரேஞ்சர், செவ்ரொலே கொலராடோ, நிசான் ஃப்ரன்டியர், ஜீப் கிளாடியேட்டர் ஆகியவை நடுத்தரம். ஃபோர்டு எஃப்-150, செவ்ரொலே சில்வராடோ, ராம் 1500, டொயோட்டா டுண்ட்ரா ஆகியவை பெருந்தரம். ஃபோர்டு மேவரிக் போன்ற சிறுதர வண்டிகள் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. மைத்துனர் சிரிப்பார் என்பதே காரணம்.

இத்துறையில் முன்னாய்வு செய்தவரும் அம்மைத்துனரே. எஃப்-150 வைத்திருக்கிறார். "அத்தான், டெக்சாஸ்ல இருந்துக்கிட்டு சின்ன டிரக் வாங்குறதும் ஒண்ணு, பனியன் போட்டுக்கிட்டு பட்டாபிஷேகத்துக்குப் போறதும் ஒண்ணு" என்பது அவர் துணிபு. ஃபோர்டின் எஃப் வரிசை 1977 முதல் அந்நாட்டில் அதிகம் விற்கும் டிரக்காக இருந்துவருவதை அவர் சான்றாகக் காட்டுவார். அதிகம் பேர் சொல்வதால் ஒரு பாடம் சுத்தபாடம் ஆகிவிடாது என்பது சுவடிப் பதிப்பின் பாலபாடம். ஆயினும் மைத்துனரிடம் அதைச் சொல்லவில்லை.

பெயராய்வு

பெருந்தர வண்டியை ஊரார் 'ஹாஃப்-டன்' என்கின்றனர். அமெரிக்க டன் 2,000 பவுண்டு, ஆகவே அரை டன் 1,000 பவுண்டு. முன்னாளில் இது காரணப்பெயர். வண்டி ஏற்றும் பாரத்தின் அளவே அதன் பெயர். 150, 1500 என்று முடிவன அரை டன், 250, 2500 முக்கால் டன், 350, 3500 ஒரு டன். இன்றைய எஃப்-150இன் சில வகைகள் ஒரு டன்னுக்கு மேலேயே ஏற்றும். அரை டன் வண்டி முழு டன்னைச் சுமக்கிறது, பெயர் மட்டும் அரையிலேயே நிற்கிறது. காரணப்பெயர் தேய்ந்து இடுகுறி ஆனதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இலக்கண ஆசிரியர்களுக்குக் கிடைக்காது. நாலணா நாணயம் 2011இல் செல்லாமல் போன பிறகும் 'நாலணாவுக்குப் பிரயோஜனமில்லாதவன்' என்று நாம் சொல்லவில்லையா?

'நடுத்தரம்' இன்னும் சிக்கலானது. நடு என்றால் இரு பக்கமும் ஆள் வேண்டும். 1987 மாடலாக வந்த டாட்ஜ் டகோட்டாவை இக்குலத்தின் மூத்ததாகச் சொல்வர். அப்போது அதற்குக் கீழே சிறிய வண்டிகள் நிறைய இருந்தன. பின்னர் அவை ஒவ்வொன்றாக வளர்ந்தன அல்லது மறைந்தன. 2011இல் மின்னசோட்டாவில் பழைய சின்ன ரேஞ்சரின் ஆலையும் மூடப்பட்டது. 2022 மாடலாக மேவரிக் வரும்வரை சிறியது என்று சொல்லிக்கொள்ளப் புதிய வண்டி இல்லை. அண்ணனும் தம்பியும் மட்டுமே உள்ள வீட்டில் தம்பியை நடுப்பிள்ளை என்று பத்தாண்டுகள் கூப்பிட்டிருக்கிறார்கள்.

கோழிப் படலம்

ஏன் அமெரிக்க டிரக்குகள் இப்படிப் பெருத்தன என்று தேடப்போய் ஆய்வாளர் ஒரு கோழியில் போய் முட்டினார்.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பண்ணைக் கோழி மேற்கு ஜெர்மனியிலும் பிரான்சிலும் மலிவாக விற்றது. உள்ளூர்க் கோழிக்காரர்கள் கூச்சலிட, ஐரோப்பியர் இறக்குமதிக் கோழிக்கு வரி போட்டனர். 1963 டிசம்பரில் அதிபர் லிண்டன் ஜான்சன் பதிலுக்கு வரி போட்டார். உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, இலகுரக டிரக் என நான்கு பொருள்கள்; டிரக்குக்கு 25 சதவீதம். மற்ற மூன்றும் காலப்போக்கில் விடுபட்டன. டிரக் மட்டும் மாட்டிக்கொண்டது. ஜான்சன் டெக்சாஸ்காரர் என்பதை இங்கே குறிக்காமல் விடுவது ஆய்வு நேர்மை ஆகாது.

விளைவு, கடல் கடந்து வரும் சின்ன டிரக்குகளுக்கு வாசலிலேயே மதில். உள்நாட்டு நிறுவனங்கள் மதிலுக்குள் இருந்தபடி தங்களுக்கு லாபமான பெரிய வண்டிகளில் நிம்மதியாக ஊன்றிக்கொண்டன. மதிலைத் தாண்ட சுபாரு நிறுவனம் 1970களின் இறுதியில் ஒரு தந்திரம் செய்தது. 'பிராட்' என்ற தன் சின்ன டிரக்கின் பின்புறச் சரக்குத் தொட்டிக்குள், பின்பக்கம் பார்த்தபடி இரண்டு பிளாஸ்டிக் இருக்கைகளைப் பொருத்தியது. இருக்கை இருப்பதால் இது டிரக் அல்ல, பயணிகள் கார் என்று சொல்லி, காருக்குரிய சொற்பத் தீர்வையோடு உள்ளே வந்தது. பின்னால் அதிபரான ரொனால்டு ரேகன் தம் பண்ணையில் இதில் ஒன்றை வைத்திருந்தார். கோழி வரியைத் தப்பி வந்த வண்டியில் நாட்டின் தலைவர்! இன்று டகோமா மெக்சிகோவில் செய்யப்பட்டு வடக்கே வருவதற்கும் அண்டை நாட்டு வர்த்தக ஒப்பந்தம் இந்த வரியிலிருந்து அளித்த விலக்கு ஒரு காரணம்.

மைத்துனர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப என் வண்டி பெருசா இருக்கிறதுக்குக் காரணம் சிக்கனா?" என்றார். ஏறத்தாழ ஆம்.

கோழிக்கு அடுத்து 6,000 என்ற எண்ணையும் சொல்ல வேண்டும். எஃப்-150 பிறந்தது 1975இல். மொத்த எடை 6,000 பவுண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கான புகைக் கட்டுப்பாடுகளைத் தாண்டி நிற்கும்படி, வேண்டுமென்றே எடை கூட்டிப் பெற்ற பிள்ளை அது. தொழிலுக்கு வாங்கும் வண்டியின் விலையை முதலாண்டிலேயே கழித்துக்கொள்ளச் சொல்லும் வருமானவரிச் சட்டத்தின் 179ஆம் பிரிவிலும் இதே 6,000 பவுண்டு வருகிறது. கூடவே ஒரு நிபந்தனை: தொட்டியின் உள்நீளம் 6 அடிக்குக் குறைந்தால் சலுகைக்குத் தாழ்ந்த உச்சவரம்பு. ஒரு சாமானும் ஏற்றாத போதும் தொட்டியின் நீளத்துக்கு மரியாதை செய்கிற இடம் வரி அலுவலகம்தான்.

பிளைவுட் அளவை

இனி ஒப்பாய்வின் நெஞ்சுப்பகுதி. பிளைவுட் பலகை அங்கே 4 அடிக்கு 8 அடி. 4 அடி என்பது 48 அங்குலம். தொட்டிக்குள் இருபுறமும் சக்கர மேடுகள் துருத்தி நிற்கும். பெருந்தரத்தில் இவ்விரு மேடுகளுக்கும் இடையே பெரும்பாலும் 50 அங்குலத்துக்குச் சற்று மேல். பலகை தரையில் சம்மணமிட்டு அமரும். டகோமா போன்ற நடுத்தர வண்டிகள் பலவற்றில் ஏறத்தாழ 44. நாலு அங்குலம் போதாது. பலகை மேட்டின்மேல் ஏறிச் சரிந்து நிற்கும். இதற்குப் பரிகாரமாக நடுத்தர வண்டிகள் சிலவற்றின் தொட்டிச் சுவரில் பள்ளங்கள் விட்டிருப்பார்கள். அவற்றில் குறுக்குக் கட்டைகளைச் செருகி, மேடுகளுக்கு மேலே பரண் போட்டு, பரண்மேல் பலகையைப் போட வேண்டும். பலகை கொண்டுவர முதலில் கட்டை கொண்டுவர வேண்டும்.

புறனடையும் உண்டு. ஹோண்டா ரிட்ஜ்லைன், குலத்தால் நடுத்தரம், மேடுகளுக்கிடையே 50 அங்குலம். ஆனால் கார்போல ஒற்றை உடம்பாகக் கட்டப்பட்டதால் இதை டிரக் என்றே ஒப்பாதார் பலர். மைத்துனர் இதன் பெயரைக் கேட்டதும் பேச்சை மாற்றினார்.

அகலத்தில் பெருந்தரம் வென்றது. நீளத்தில்? குடும்பஸ்தர்கள் வாங்கும் நான்கு கதவு எஃப்-150இன் தொட்டி ஐந்தரை அடி. டகோமா பெரும்பாலும் ஐந்தடி. பலகை எட்டடி. ஆக, ஒன்றில் இரண்டரை அடி வெளியே நீட்டும், மற்றதில் மூன்றடி. எட்டடித் தொட்டி இன்றும் கிடைக்கிறது, கேட்பார்தான் குறைவு. 1925 ஏப்ரலில் ஹென்றி ஃபோர்டின் நிறுவனம் 281 டாலருக்குத் தொட்டி வைத்த மாடல் டி வண்டியை விற்றபோது, அமர்வதற்கு ஒரு பலகையும் மீதியெல்லாம் சாமானுக்கும் என்றிருந்தது. நூறாண்டில் ஆள் அமரும் அறை தொட்டியைத் தின்றுவிட்டது. இருக்கைக்கு ஏசி, தோல் உறை, கைக்கு எட்டிய இடமெல்லாம் கோப்பை வைக்கும் குழி.

மூலமும் உரையும்

எத்தனை பாரம் தாங்கும் என்று அறிய விற்பனைக் கையேட்டைப் படிப்போர் உளர். அது உரை. மூலம் வேறிடத்தில் உள்ளது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு மஞ்சள் ஒட்டி இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அந்த ஒரு வண்டிக்கே உரிய எண் அதில் அச்சாகியிருக்கும். கையேடு எஃப்-150க்கு 13,000 பவுண்டுக்கு மேல் இழுவை என்று முழங்கும், டகோமாவுக்கு 6,500 என்று அடக்கமாகச் சொல்லும். இரண்டும் ஏதோ ஒரு கட்டமைப்பில் மட்டும் மெய்.

இழுவண்டியின் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் கொக்கியின்மேல் அமர்ந்து, வண்டி தாங்கும் பாரத்தில் கழியும். ஒட்டியில் 1,300 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 5,000 பவுண்டு படகை இழுத்தால் கொக்கிக்கு 500 முதல் 750. ஆய்வாளர், மனைவி, இரு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் என ஐவருக்கும் சேர்த்து சுமார் 620 (ஒருவர் எடை மதிப்பீடு, கேட்கத் துணிவில்லை). கூட்டினால் 1,120 முதல் 1,370. புளியோதரைத் தூக்கை வைக்கலாமா என்பதே ஐயம்.

இன்னொன்று. விலை கூடிய வகையை வாங்கினால் கண்ணாடிக் கூரை, நாற்சக்கர இயக்கம், கனத்த இருக்கை எல்லாம் அதே கணக்கில் கழியும். காசு ஏற ஏறச் சுமக்கும் திறன் இறங்குகிற பொருள் வேறு உண்டோ? மாப்பிள்ளைகளை விலக்கிவிட்டே கேட்கிறேன்.

எரிபொருளில் பெரிய வேறுபாடில்லை. கேலனுக்கு இரண்டு மூன்று மைல். விடுக.

கராஜ்

பல வீடுகளில் கராஜ் ஆழம் 20 அடி, அதாவது 240 அங்குலம். எஃப்-150 நான்கு கதவு, ஐந்தரை அடித் தொட்டி: ஏறத்தாழ 232. மிச்சம் எட்டு அங்குலம், ஒரு சாணுக்கும் குறைவு. டகோமா 213, மிச்சம் 27. எண்களைக் கேட்ட மனைவி ஒன்றே கேட்டார்: "குளிர்காலத்துல கறிவேப்பிலைத் தொட்டிய எங்க வைக்கிறது?" டல்லாஸ் தமிழர் வீடுகளில் நவம்பர் பிறந்தால் கறிவேப்பிலைச் செடி கராஜுக்குள் குடிபெயரும். பனி பட்டால் கருகிவிடும். ஊரிலிருந்து வந்தவர்களில் மிகுந்த கவனிப்பைப் பெறுவது அச்செடியே. டகோமாவுக்கும் செடிக்கும் ஒத்துப்போகும், எஃப்-150 வெளியே நிற்க வேண்டும். மைத்துனருடையது வெளியேதான் நிற்கிறது. வசந்தத்தில் ஆலங்கட்டி விழும்போது அவர் மெத்தைகளை எடுத்துக்கொண்டு ஓடுவார்.

களஆய்வு

ஒரு சனிக்கிழமை ஆய்வாளர் மரச்சாமான் கடையொன்றின் வண்டி நிறுத்தத்தில் நின்று தொட்டிகளை எட்டிப் பார்த்தார். கண்டவை: ஓக் இலைச் சருகு, காலித் தண்ணீர்ப் புட்டி, ஒற்றைக் கையுறை. பிளைவுட் ஏற்றிய வண்டியும் ஒன்று இருந்தது. அது தச்சருடையது, வெள்ளை நிறம், சொட்டை விழுந்தது, எட்டடித் தொட்டி.

பெரும்பாலான தொட்டிகளில் ஏற்றப்பட்டிருந்தது 'ஒருவேளை' என்ற சரக்கு. ஒருவேளை படகு வாங்கினால், ஒருவேளை வீடு மாறினால், ஒருவேளை நண்பர் வீடு மாறினால். இதை அயலார் பைத்தியம் என்று நகைக்க நமக்குத் தகுதியில்லை. நம் வீட்டுப் பரணில் ஐம்பது பேருக்குச் சோறு வடிக்கும் அண்டா இருந்தது. என் நினைவில் அது இறங்கியது இரண்டு முறை. ஒரு முறை சித்தி கல்யாணத்துக்கு, மற்றொரு முறை பரணுக்குச் சுண்ணாம்பு அடிக்க. ஆனால் அண்டா இல்லாத வீட்டைப் பற்றி ஆச்சி என்ன குரலில் பேசுவாள் என்பதும் நினைவிருக்கிறது. நடுத்தரம் சிறிய ஒருவேளைகளுக்கும் பெருந்தரம் பெரிய ஒருவேளைகளுக்கும் உரியன என்பதே இவ்வாய்வின் கருதுகோள். மஞ்சள் ஒட்டியில் இதற்குக் கட்டம் இல்லை.

பிற்சேர்க்கை

ஆய்வேடு இந்நிலையில் இருக்க, நவராத்திரிக்கு நாலே நாள். மனைவி கேட்டார்: "நம்ம வேன்ல வராதா?"

நம் வேன் என்பது ஒன்பது வருடமாகக் கராஜில் நிற்கும் ஹோண்டா ஒடிசி. இவ்வாய்வில் அது ஒரு வரிகூடப் பெறவில்லை. அளந்து பார்த்தோம். கடைசி வரிசையைத் தரைக்குள் மடித்து, நடுவரிசை இருக்கைகளைக் கழற்றி எடுத்துவிட்டால், 4 அடிக்கு 8 அடிப் பலகை படுத்த வாக்கில் உள்ளே போகிறது. பின்கதவும் மூடுகிறது. எஃப்-150இல் மூடாது. மூன்று பலகைகள் ஏற்றிக்கொண்டு, மழையில் நனையாமல், மாமியாருக்குப் பிடித்த பாட்டைக் கேட்டுக்கொண்டே வந்து சேர்ந்தோம். ஒன்பது படியும் நின்றது. மரப்பாச்சிகள் மேல்படி ஏறின.

கழற்றிய இருக்கைகள் இப்போது கராஜில், கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஒதுக்கிய இடத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நல்ல கனம். திரும்ப மாட்ட ஆய்வாளரின் இடுப்பு ஒத்துழைக்காததால் மைத்துனரைக் கூப்பிட்டிருக்கிறோம். டிரக்கில் வந்துகொண்டிருக்கிறார்.