‘கிணுங்’: ஜாஸ் இசைத்தட்டுகளில் கோப்பையோசை குறித்து ஒரு மூலபாட ஆய்வு

1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கில் வில்லேஜ் வான்கார்ட் என்னும் நிலவறை விடுதியில் யாரோ ஒருவர் தம் கோப்பையை மேசைமேல் வைத்தார். ‘கிணுங்’ என்றது. இவ்வாய்வின் பொருள் அவ்வளவே. மேடையில் பில் எவன்ஸ் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். பாஸ் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸ் பால் மோஷன். ஒலிப்பதிவு நாடா ஓடிக்கொண்டிருந்தது. கோப்பைக்காரர் இன்னார் என்று துணியச் சான்று இல்லை. அவர் இசையைக் கேட்டாரா என்பதும் ஐயமே. அந்த அறையில் பலர் பேசிக்கொண்டிருந்தார்கள், சிரித்தார்கள் என்பது மட்டும் நாடாவால் உறுதிப்படும்.

கச்சேரியில் பக்கத்து இருக்கைக்காரர் இருமினால் திரும்பி முறைக்கும் ஜாஸ் ரசிகர், அந்த நாடாவிலிருந்து வந்த ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ தட்டில் கிணுங் கேட்டதும் கண்ணை மூடி, “அடடா, அந்த இடம்!” என்கிறார். இதை விளக்கப் புகுந்தோர் இரு கட்சியினர். பழைய அச்சே மூலம், புதுப்பதிப்பில் கிணுங் மழுங்கிவிட்டது என்போர் மூலவாதிகள். புதுப்பதிப்பில்தான் கோப்பைக்குள் பனிக்கட்டி இருந்ததே தெரிகிறது என்போர் தூய்மைவாதிகள். இரு சாராரும் ஒரே வீட்டில் விருந்துக்கு வருவதில்லை.

லஃபாரோவிடம் மட்டும் சண்டை ஓய்ந்துவிடும். அப்போது அவருக்கு வயது 25. ஜூலை 6 அன்று கார் விபத்தில் இறந்துபோனார். இன்று தட்டைப் போடுகிறவருக்கு அது தெரியும், கோப்பைக்காரருக்குத் தெரியாது. அவர் பாட்டுக்குக் குடித்துக்கொண்டிருக்கிறார். கிணுங்கின் மதிப்பு இந்த அறியாமையிலிருந்தே பிறக்கிறது என்பது என் கட்சி. மறுப்பு எழுத விரும்புவோர் முதலில் தட்டைக் கேட்டுவிட்டு எழுதவும்.

நினைவுச் சான்றுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தவை. “அன்னைக்கு நான் அங்கேதான் இருந்தேன்” என்போர் உண்டு. “அந்தப் பேச்சுச் சத்தம் என்னுடையதுதான்” என்று எவரும் உரிமை கொண்டாடி நான் கேட்டதில்லை.

இனி இடைச்செருகல். 1956 ஜூலை 7இல் நியூபோர்ட் விழாவில் டியூக் எலிங்டன் குழுவின் பால் கான்ஸால்வெஸ் சாக்ஸபோனில் 27 சுற்றுகள் தொடர்ந்து வாசித்தார். கூட்டம் எழுந்து ஆடியது. ஆனால் அவர் ஊதியது வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் மைக்கில். தட்டுக் கம்பெனியின் மைக்குக்கு அவர் தூரத்துச் சொந்தம்தான். வெளிவந்த தட்டிலோ பல பகுதிகள் பின்னர் ஸ்டூடியோவில் வாசிக்கப்பட்டவை, கைதட்டல் ஒட்டுவேலை. வானொலி நாடாவையும் சேர்த்து 1999இல் புதுப்பதிப்பு வந்தது. அதுவரை நாற்பது ஆண்டுகளாகச் சிலிர்த்துவந்தவர்கள் தம் சிலிர்ப்புகளில் எவை செல்லும், எவை செல்லா என்று கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று.

எதிர்மறைச் சான்று ஒன்றும் உண்டு. 1960 அக்டோபர் 20இல், கேட்க ஒருவரும் இல்லாத ஸ்டூடியோவில், சார்லஸ் மிங்கஸ் இல்லாத கூட்டத்தைப் பார்த்துக் கைதட்ட வேண்டாம், பனிக்கட்டியைக் குலுக்க வேண்டாம், கல்லாப்பெட்டி ஒலிக்கக் கூடாது என்று கண்டிப்பாகக் கேட்டுக்கொள்கிறார். கூட்டம் கீழ்ப்படிந்தது. சரியாக ஆறாண்டு கழித்து, அதே அக்டோபர் 20இல், கேனன்பால் ஆடர்லி குழு ஹாலிவுட் ஸ்டூடியோவுக்கு ஆட்களை வரவழைத்து, மதுவும் ஊற்றிக்கொடுத்து, கிணுங்கை முறையாக உற்பத்தி செய்தது. அட்டையில் சிகாகோ விடுதி ஒன்றின் பெயரைப் போட்டார்கள். தேதிப் பொருத்தத்துக்கு இங்கே விளக்கம் தேடப்படவில்லை. அது தனி ஆய்வுக்குரியது.

கடைசியாக ஒரு கள ஆய்வு. அண்மையில் தூய்மைவாதி நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் சட்டென்று விரலை உயர்த்தினார்.

“கேட்டீங்களா? இந்தக் கிணுங் என்கிட்ட இருக்கிற எந்தப் பதிப்புலயும் கிடையாது. இது எந்த ஊர் அச்சு?”

சமையலறையில் என் மனைவி எவர்சில்வர் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“ஜப்பான் அச்சு” என்றேன். குறித்துக்கொண்டார்.