மூக்குக்கு எத்தனை வருஷம்?

மரச்சிற்பிகளின் ஊரான தம்மம்பட்டியில் ஒரு மூக்கு செதுக்க வாகைக் கட்டையும் உளியும் கைப்பழக்கமும் போதும். மூக்கு கோணல் என்று எந்தப் பெருமாளும் இதுவரை நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனதில்லை. ஆனால் மனிதர் மூக்கைத் தொட எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருஷம், எம்.எஸ். 3, பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். 3. ஒவ்வொரு வாசலிலும் ஒரு நீட் உட்கார்ந்திருக்கும். நெற்றித் தோலை இறக்கி மூக்கு வைத்த புனே வைத்தியரைப் பற்றி 1794-இல் லண்டன் பத்திரிகையே எழுதியது. பாவம், அவர் எந்தக் கவுன்சலிங்குக்கும் போனவரில்லை.

படித்து முடித்து ஊருக்கு வந்தால், “நடிகைங்களுக்கு மூக்கு பண்றவரு நீங்கதானுங்களா?” என்பார்கள். வருவதோ தீக்காயம், உதட்டுப் பிளவு, மக்காச்சோள மெஷினில் சிக்கிய கை.

துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பையில் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸில் வைக்க வேண்டும். நம்மவர்கள் விரலை நேராக ஐஸுக்குள் போட்டு, சந்தையில் மீன் வாங்கி வந்த மாதிரி நீட்டுவார்கள். ஒரு மில்லிமீட்டர் ரத்தக்குழாய். மைக்ராஸ்கோப்பில் பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைக்க வேண்டும். அந்த மைக்ராஸ்கோப்புக்கு லோன் கேட்டால், “சொந்த நிலம் எத்தனை ஏக்கர்?” என்பார் பேங்க் மேனேஜர். ஆக, சேலத்திலோ கோவையிலோ சம்பளத்துக்குத்தான் போக வேண்டும்.

விடிய விடியத் தைத்து, விரல் சிவந்து உயிர் வந்ததும் பாராட்டெல்லாம் எலும்பு டாக்டருக்கு. பில் பேரம் மட்டும் நம்மிடம் வரும்:

“அஞ்சுல ஒரு வெரல்தானுங்களே டாக்டர், பாத்துப் போடுங்க.”