யானையின் வயிற்றுக்கடியில் ஒரு பிள்ளை

தென்கேரளத்தில் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஆட்களுக்கு மிருகங்களில் முதல் பயம் யானை. அதுவும் காட்டு யானை மட்டும். திருவிழாவில் செண்டைக்கும் வெடிக்கும் நடுவே, காலில் சங்கிலியோடு வெயிலில் நிற்கும் யானையிடம் பயம் கிடையாது. பிள்ளைக்குப் பயம் தெளியவேண்டும் என்று அதன் வயிற்றுக்கடியில் நுழைத்து மறுபக்கம் வாங்கும் வழக்கம்கூடக் கேரளத்தில் உண்டு. கோபப்பட எல்லா நியாயமும் உள்ள யானை அதுதான். ஈற்றை தின்றுகொண்டு தன்பாட்டுக்கு நிற்கும் காட்டு யானைக்கு அவ்வளவு காரணம் இல்லை.

இந்த ஊர்க்காரர்களுக்குக் காடு என்றால் நெய்யாறு சரணாலயம். 1958இல் அறிவிக்கப்பட்டது, 128 சதுர கிலோமீட்டர். அங்கே 1984இல் சிங்கப் பூங்கா ஒன்று திறந்தார்கள். இந்தக் காட்டில் எக்காலத்திலும் சிங்கம் வாழ்ந்ததில்லை என்பது யாரையும் தடுக்கவில்லை. கம்பிவலை போட்ட வண்டிக்குள் மனிதர்கள், வெளியே சிங்கங்கள்: பயமில்லாத பயணம். பிறகு சிங்கங்கள் ஒவ்வொன்றாய்ச் செத்துப் பூங்கா மூடிப்போயிற்று. முதலைகள் கதை வேறு. நெய்யாறு நீர்த்தேக்கத்தில் இறங்கியவர்களை அவை கடித்ததுண்டு, ஆகவே அந்தப் பயம் நியாயமானது. 2007இல் வந்த முதலை மறுவாழ்வு மையத்துக்கு, வாழ்நாளெல்லாம் முதலையோடு புரண்ட ஆஸ்திரேலியர் ஸ்டீவ் இர்வினின் பெயரை வைத்தார்கள். அவர் 2006இல் இறந்தது திருக்கை மீன் குத்தி.

பயத்தை மெய்யாகவே சோதிக்கும் இடம் அகத்தியர்கூடம் மலை, 1868 மீட்டர் உயரம். பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில், வனத்துறை அனுமதியோடு போனக்காட்டிலிருந்து ஏறவேண்டும். நீதிமன்றம் சொன்னபின் 2019இலிருந்து பெண்களும் ஏறுகிறார்கள். வழிகாட்டிகள் பெரும்பாலும் காணி பழங்குடியினர். 1987இல் இந்த மலையில் விஞ்ஞானிகள் மூச்சிரைக்க நடந்தபோது, கூட வந்த காணிகள் ஏதோ காயைத் தின்றுகொண்டு களைப்பில்லாமல் போனார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடி உலகுக்குத் தெரிந்தது அப்படித்தான். களைப்புக்கு மூலிகை கிடைத்தது. பயத்துக்கு இன்னும் இல்லை. காணிக்காரர் யானை லத்தியில் சூடு இருக்கிறதா என்று பார்க்கிறார், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்கிறார். நகரத்துக்காரர் மொபைலில் சிக்னல் இருக்கிறதா என்று பார்க்கிறார்.

யானைக்குப் பார்வை மட்டு, மோப்பம் அபாரம். அத்தர் பூசிக்கொண்டு காட்டுக்குப் போவது, தன் வருகையை முன்கூட்டியே தண்டோரா போடுவது மாதிரி. எதிரே கண்டால் படம் எடுக்காமல், சத்தம் போடாமல் மெல்லப் பின்வாங்க வேண்டும். கரடிக்கு விதி வேறு: கறையான் புற்றைத் தோண்டும்போது அதற்கு உலகமே மறந்துபோகும். ஆள் அருகில் வந்த பிறகுதான் திடுக்கிட்டுப் பாயும். அதனால் பேசிக்கொண்டு நடப்பது நல்லது. யானைக்காக வாயை மூடுவதா, கரடிக்காகத் திறப்பதா என்ற தத்துவ விசாரணையை வழிகாட்டியிடம் விட்டுவிடலாம். ஈரம் கண்டால் அட்டை மட்டும் எந்தக் கேள்வியும் கேட்காமல் ஏறிக்கொள்ளும், ஆனால் அதைப் பயப்பட வேண்டிய பட்டியலில் ஒருவரும் சேர்ப்பதில்லை.

பாம்பின் கணக்கு இன்னும் விசித்திரம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியில் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலும் கிராமங்களில், வீட்டருகிலும் வயலிலும். விடியுமுன் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகிறவர், மலையேற்றக்காரரைவிட அதிகமாகப் பாம்போடு பழகுகிறவர். அவர் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு, கீழே பார்த்துக் கால் வைக்கிறார். மலையேறுகிறவருக்கும் வேறு ரகசியம் கிடையாது.

பிஸ்கட், சிப்ஸ் உறைகளைக் காட்டில் போடக்கூடாது என்பதற்கு அழகு மட்டும் காரணமில்லை. மனிதச் சாப்பாட்டின் ருசி கண்ட குரங்கு அடுத்து வருகிறவரின் பையைப் பிடுங்கும். அதற்கு அடுத்தவர் அதைக் கல்லால் அடிப்பார். பயம் இரண்டு பக்கமும் இப்படித்தான் வளர்கிறது.

அதற்குள் மிருகங்களே கீழே இறங்கிவிட்டன. வெள்ளறடை, அம்பூரிப் பக்கம் காட்டுப்பன்றி ராத்திரியில் வந்து மரச்சீனியைக் கிண்டிவிட்டுப் போகிறது. 2022இல் கேரள அரசு, தொல்லை தரும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தது. இந்த மிருகத்தைப் பார்க்க அனுமதிச் சீட்டும் வேண்டாம், மலையேறவும் வேண்டாம், கொல்லைக் கதவைத் திறந்தால் போதும்.