அரைப்பேரு டோர்ச்சு

வா பேராண்டி, வா. கையில என்னா அது, புதுசா மின்னுது? டோர்ச்சா! டவுன்ல பஸ் ஸ்டாண்டுப் பக்கம் 700 ரூபாக்கா? நல்ல காரியம் பண்ணுன. அந்தக் கடக்காரன் புள்ளகுட்டியோட நல்லா இருக்கணும்.

பெட்டியில என்னா போட்டிருக்குன்னு வாசி, கேப்போம். 50,000 லுமனா! அடேயப்பா. கார் முன்லைட்டு ஒண்ணே ஆயிரத்துச் சொச்சம்தான் குடுக்கும். நாளையிலருந்து சூரியனுக்கு லீவு குடுத்துட்டு, காலையில வேலைக்கு ஆள் கூடுற பெரட்டுக் களத்துல இதத் தொங்கவிட்டாப் போதும்.

பட்டரியக் கழட்டு. 9,900 mAhன்னு அச்சடிச்சிருக்கான். இந்த 18650 சைஸ்ல பெரிய கம்பனிக்காரன் செஞ்சதே 3,500ஐத் தாண்ட மூச்சு வாங்கும். இதே மாதிரி ஒண்ண, கல்லு யாவாரம் பண்ற நம்ம கூட்டாளி தராசுல வச்சுப் பாத்தேன். நல்ல பட்டரின்னா 45 கிராமாவது இருக்கணும், கல்லுக் கணக்குல 225 காரட்டு. அது 140 காரட்டுதான் இருந்துச்சு. சிலதுல உள்ளுக்குள்ள குட்டியா ஒரு பட்டரியும் சுத்தி மாவும் இருக்குமாம். நீ ஒடச்சுப் பாக்காத, தீப்புடிச்சிரும்.

பெரிய கூத்து என்னா தெரியுமா? இரத்தினபுரிக்காரன் கல்லுக்குக் கீழ டோர்ச்ச அடிச்சு, உள்ள கீறல் இருக்கா, நூல் இருக்கா, சுட்ட கல்லான்னு நோண்டி நோண்டிப் பாப்பான். அந்த டோர்ச்சு அசலான்னு ஒருத்தனும் பாக்கமாட்டான். வெள்ள எல்.இ.டி.ன்னு சொல்றோமே, அது உள்ளுக்குள்ள நீலம்; மேல மஞ்சப் பூச்சு பூசித்தான் வெள்ளையாக்குறான். மட்டமானதுல நீலம் தூக்கலா ஒழுகும். அதுல பாத்தா வெளுத்துப்போன கல்லும் கொஞ்சம் நீலமாத்தான் தெரியும். கல்லு விக்கிறவனுக்கு அது சாமி குடுத்த டோர்ச்சு. நீ கல்லா விக்கப்போற? ரப்பர் பால் வெட்டத்தான போற.

பின்மூடியத் திருகு. அந்த மறையில ஒரு ரப்பர் வளையம் இருக்கணும், தண்ணி எறங்காம இருக்க. காணோமா? வருஷத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல மழ கொட்டுற ஊரு. ரப்பர் தோட்டத்துலயே பொறந்து வளந்த பய. அவன் வாங்குன டோர்ச்சுல ரப்பர் மட்டும் இல்ல!

பொத்தான அமுக்கு. மங்குது. இன்னொருக்கா அமுக்கு. கண்ணடிக்குது. அடுத்தது எஸ்.ஓ.எஸ்., நடுக்கடல்ல கப்பல் முழுகுறப்பக் குடுக்குற சைகை. விடியக்காலம் இருட்டுல ரப்பர் மலையில காட்டுப்பன்னி எதுத்தாப்புல நிக்கிறப்ப, ஒன் டோர்ச்சு அதுகிட்டப் போயி ‘காப்பாத்து சாமி’ன்னு கெஞ்சும்.

நல்ல கம்பனிப் பெட்டியப் பாத்தா ஒனக்குச் சப்புன்னு போயிரும். 300 லுமன், இத்தன மணி, இத்தன மீட்டர்னு கூச்சப்பட்டு எழுதியிருப்பான். 2009ல அமெரிக்காவுல அதுக்கொரு அளவுமொற கொண்டுவந்தாங்க. வெளிச்சம் பத்துல ஒண்ணாக் கொறையிற வரைக்கும்தான் மணிக்கணக்கு. முழுநெலா வெளிச்சம் அளவுக்கு மங்குற எடம் வரைக்கும்தான் மீட்டர் கணக்கு. அப்புறம், பட்டரி எறங்க எறங்க வெளிச்சம் தளராம இழுத்துப் புடிக்க உள்ள ஒரு சின்ன சர்க்கீட்டும் வச்சிருப்பான். ஒன்னோடதுல அது எங்க? மொதப் பத்து நிமிஷம் துரை மாதிரி நிக்கும், அப்புறம் சாராயம் குடிச்சவன் மாதிரி சாஞ்சிரும். நான் கணக்கப்பிள்ளையா இருந்தா இதுக்கு அரைப்பேருதான், அரைநாள் சம்பளம்தான் போடுவேன்.

அதே அமெரிக்காவுல மக்லைட்டுன்னு ஒரு டோர்ச்சு, டோனி மக்லிக்கான்னு ஒருத்தர் 1979ல விக்க ஆரம்பிச்சது. அதே உருவத்துல செஞ்சவங்க மேல கேசுமேல கேசு போட்டாரு மனுசன். ஒன் டோர்ச்ச காப்பியடிச்சான்னு யாராச்சும் கோர்ட்டுக்குப் போவாங்களா, சொல்லு?

மூஞ்சியத் தொங்கப்போடாத. 2022ல நாளைக்கு 13 மணிநேரம் கரண்ட் வெட்டுனப்ப நானும் இதுமாதிரி மூணு வச்சிருந்தேன். ஒண்ணு எரியும், மத்த ரெண்டும் அது எரியுதான்னு பாத்துக்கிட்டு இருக்கும். லயத்துக்குப் பின்னால கக்கூசுக்குப் போய்வர அது போதும். ஒரிஜினல் வாங்க எத்தன நாள் பேரு போகும்னு எனக்குத் தெரியாதா? வயித்தக் கட்டி வெளிச்சம் வாங்குன்னு சொல்ல நான் என்ன துரையா?

ஆனா இந்தப் பௌர்ணமிப் போயாவுக்குப் பலாபத்தல வழியா சிவனொளிபாத மலை ஏறப்போறேன்னியே. நல்லதண்ணி வழிய விட அது நீளம். ராவுல ஏறணும், அட்டையும் கூடவே ஏறும். அங்க போயி கப்பல் முழுகுதுன்னு சைகை காட்டிக்கிட்டு நிக்காத. என் பழைய டோர்ச்சு ட்ரங்குப் பெட்டியில இருக்கு, எடுத்துக்கிட்டுப் போ. பட்டரி மட்டும் நீ புதுசா வாங்கிப் போட்டுக்க, நல்லதா. திருப்பிக் குடுக்குறப்ப கழட்டாமக் குடு.