வயரா? அதெல்லாம் கடைசி நாள் சோலி கண்ணு!

வா கண்ணு, உக்காரு. பொடக்காளியில நீயா ஒரு ரேஸ் கார் கட்டறயாமா, ஊரே பேசுது. பைப்பை வளைச்சு வெல்டிங் போட்டாச்சு, பழைய ஸ்விஃப்ட் இன்ஜினை எறக்கி உக்கார வெச்சாச்சு, சீட் பெல்ட்டு சிவப்பா கருப்பான்னு ஒரு பஞ்சாயத்தே நடந்து முடிஞ்சுதாமா. வயரிங் எப்பன்னு கேட்டா மட்டும், "அது கடைசி நாள் பாத்துக்கலாமுங்க அப்பாரு"ங்கற. நொம்பச் சரி. செட்டிபாளையம் கரி டிராக்கு ஒரு சுத்து 2 கிலோமீட்டரும் சொச்சமும்தான். பாதியில நின்னாலும் ஒரு கிலோமீட்டரு தள்ளுனாப் போதும். ஒடம்புக்கு நல்லது.

அந்த டிராக்குக்குப் பேரு குடுத்த கரிவர்தன், 1980கள் கடைசியில மாருதி 800 இன்ஜினை வெச்சு ஒத்தை சீட்டு ரேஸ் வண்டி கட்டுனாரு. பார்முலா மாருதின்னு பேரு. நம்மூரு நரேன் கார்த்திகேயன் அதை ஓட்டிப் பழகித்தான் 2005ல பார்முலா ஒன் வரைக்கும் போனாப்பல. அந்த 800க்கு கார்புரேட்டரு. வயரும் கொஞ்சம், வம்பும் கொஞ்சம். உன்ற இன்ஜினுக்கு ஈசியூங்கற கம்ப்யூட்டரு, கிராங்க் சென்சாரு, இன்ஜெக்டரு, டேங்குக்குள்ள பம்பு. இதுல ஒரு கம்பி புட்டுக்கிட்டாலும் மொத்த வண்டியும் குத்தவெச்சு உக்காந்துக்கும். அதனால நீ வயரைப் பத்திக் கவலையே படாத. இன்னும் ரெண்டு குதிரை சக்தி எங்க கெடைக்கும்னு மட்டும் பாரு. நிக்கற வண்டியில குதிரை எத்தன இருந்தா என்ன, எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கலாம்.

மொத வேலையா, ஸ்விஃப்ட்டுல இருந்த வயர்க்கட்டை அப்படியே தூக்கி இதுக்குள்ள போட்டுரு. கண்ணாடி ஏத்தற மோட்டார் வயரு, டிக்கி லைட்டு வயரு, பாட்டுப் பொட்டி வயரு, எல்லாம் இருக்கட்டும். உன்ற வண்டிக்குக் கதவே இல்லீன்னா என்ன, கதவுக்கு வயராச்சும் இருக்குதல்லோ.

இல்லீங்க அப்பாரு, புதுசாத்தான் கட்டுவேன்னு அடம் புடிச்சயின்னா, ஸ்பேனரைக் கீழ வெச்சுட்டு ஒரு காயிதத்தை எடு. கரண்டு குடிக்கறது எதெதுன்னு எழுது. பம்பு, ரேடியேட்டர் ஃபேன், காயிலு, இன்ஜெக்டரு, ஈசியூ, பிரேக் லைட்டு, மழை லைட்டு. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல எத்தன ஆம்பியர்னு போடு. செல்ஃப் மோட்டாரு நூறு ஆம்பியருக்கு மேல இழுக்கும், அதுக்குத் தனியாத் தடி கேபிளு. மத்ததுக்கு வயர் தடிமன் எவ்வளவுன்னு அந்தக் காயிதமே சொல்லீரும்.

எப்படீங்கற? பேட்டரி பின்னால, ஃபேன் முன்னால. போக 3 மீட்டரு, வர 3 மீட்டரு. ஃபேன் 10 ஆம்பியர் இழுக்குதுன்னு வெச்சுக்க. 1 ஸ்கொயர் மில்லிமீட்டர் வயருல இழுத்தயின்னா வழியிலயே 1 வோல்ட்டு போயிரும். 2.5 ஸ்கொயர் போட்டா அரை வோல்ட்டுக்குள்ள அடங்கும். ஆனா கடைக்காரன் மெல்லிசு வயரை வெல கம்மிக்குத் தர்றானல்லோ, அதையே வாங்கு. இன்ஜின் கொதிச்சா என்ன, மீதிக் காசுல டீ குடிக்கலாம்.

பியூஸ் விசயத்துல உன்ற கூட்டாளி நொம்பக் கெட்டிக்காரன்னு கேள்விப்பட்டேன். பழுப்பு 5, சிவப்பு 10, நீலம் 15, மஞ்ச 20, பச்சை 30 ஆம்பியர். சிவப்பு பியூஸ் போயிட்டே இருக்குதுன்னு பச்சையைச் செருகிட்டானாமா. பலே! இனி அந்த பியூஸ் போகவே போகாது. அதுக்குப் பதிலா வயரு போகும், வயருக்குப் பின்னால சீட்டு போகும், சீட்டுல உக்காந்திருக்கறவன் எந்திரிச்சு ஓட நேரம் இருந்தாச் சரி. பியூஸ் போடறதே வயரைக் காப்பாத்தத்தான் கண்ணு. வயரு தாங்கற அளவுக்குள்ள பியூஸ் இருக்கணும். அதையும் பேட்டரிக்கு எவ்வளவு கிட்ட வெக்க முடியுமோ அவ்வளவு கிட்ட வெக்கணும். அது பொசுக்கு பொசுக்குன்னு போனா, எங்கயோ உரசுதுன்னு உனக்குச் சேதி சொல்லுது. சேதி கொண்டு வந்தவனை அடிச்சு வெரட்டறது நம்ம ஊரு வழக்கமா?

ஃபேனையும் பம்பையும் டேஷ்போர்டு சுவிட்ச்சு வழியா நேரா இழுத்துராத. நடுவுல ரிலே போடு. 30ல பேட்டரியில இருந்து பியூஸ் தாண்டி வர்ற வயரு, 87ல ஃபேனுக்குப் போற வயரு, 85, 86ல ஒண்ணு சுவிட்ச்சுக்கு, இன்னொண்ணு எர்த்துக்கு. நாலு நம்பரு. பாஸ்வேர்டு பத்து ஞாபகம் வெச்சிருக்கற, இது நிக்காதா?

அடுத்தது ஜாயிண்ட்டு. கம்பியை முறுக்கி, கருப்பு டேப்பைச் சுத்தி, வாயில கடிச்சு அறுக்கறயே, அந்த அழகை வீடியோ புடிச்சு வெச்சுக்க. இன்ஜின் சூட்டுல டேப்புப் பசை எளகி வழிஞ்சப்பறம் அந்த அழகு இருக்காது. ஈயம் வெச்சுட்டா உறுதின்னு எவனாச்சும் சொல்லுவான். ஈயம் கம்பிக்குள்ள ஏறுன எடம் வெறப்பாயிரும். ரேஸ் வண்டி அடிக்கற ஆட்டத்துல அந்த வெறப்பு முடியற எடத்துலதான் ஒடியும். வயரு முனைக்கு மாட்டற நல்ல லக்கு, அதுக்குன்னு உள்ள கிரிம்பிங் கருவி, மேல பசை வெச்ச ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவு. கிரிம்ப் பண்ணுனதும் இழுத்துப் பாரு. கையோட வந்துட்டா சந்தோசப்படு, டிராக்குல வர்றதுக்குப் பதிலா ஷெட்டுலயே வந்துருச்சே. தகரத்துல ஓட்டை போட்டு வயரை நுழைச்சா, ரப்பர் குரோமட் இல்லாம நுழைக்காத.

எர்த்தைப் பத்தி எவனும் பேசறதில்ல, ஏன்னா அது இனாமாக் கெடைக்குதல்லோ. சேஸிக்குப் பளபளன்னு பெயிண்ட் அடிச்சுட்டு, அந்தப் பெயிண்ட் மேலயே எர்த் போல்ட்டை முறுக்கி வெச்சிருக்கற. கலர் கெடக்கூடாது, சரிதான். ஆனா பெயிண்ட்டுல கரண்டு போகாது சாமி. சொரண்டி இரும்பைக் காட்டு, முறுக்கு, அப்பறமா மேல துரு புடிக்காம எதையாச்சும் பூசு. இன்ஜின் ரப்பர் மேல உக்காந்திருக்குது, அதுக்குத் தனியா ஒரு தடி எர்த். கிராங்க் சென்சாருக்கு சல்லடைக் கம்பி சுத்துன வயரு போடு, அந்தச் சல்லடையை ஒரு முனையில மட்டும் எர்த் பண்ணு. ரெண்டு முனையிலயும் பண்ணுனா அதுலயே கரண்டு ஓடி, தடுக்க வேண்டிய இரைச்சலை உள்ள கூட்டிட்டு வந்துரும்.

மல்டிமீட்டரு 'கீ'ன்னு கத்துச்சு, எர்த் நல்லாருக்குதுங்கற. ஒத்தை இழை ஒட்டிக்கிட்டு இருந்தாலும் அது கத்தும். செல்ஃப் அடிக்கறப்ப ஒரு முள்ளை பேட்டரி மைனஸ்ல, இன்னொண்ணை இன்ஜின் பிளாக்குல வெச்சுப் பாரு. அரை வோல்ட்டுக்கு மேல காட்டுச்சுன்னா எர்த்துல கோளாறு. வேலை செய்யறப்பத்தான் எதோட யோக்கியதையும் தெரியும், மனுசனும் அப்படித்தான்.

இனி நான் நையாண்டி பண்ணாமச் சொல்ற ஒரே விசயம், கட்-ஆஃப் சுவிட்ச்சு. பேட்டரியை மட்டும் அறுத்து விட்டா இன்ஜின் நிக்கும்னு நெனைக்காத. ஆல்டர்னேட்டரு ஓடிக்கிட்டு இருந்தா அதோட கரண்டுலயே இன்ஜினும் பம்பும் ஓடும். வோல்ட்டேஜ் எகிறி ஈசியூவும் போகும். அதனால பேட்டரி, இக்னிஷன் ரெண்டையும் ஒண்ணா அறுத்து, ஆல்டர்னேட்டரு கரண்டை ஒரு ரெசிஸ்டருல எறக்கி விடற ரேஸ் சுவிட்ச்சு போடு. பெல்ட்டுல கட்டுண்டு கெடக்கற உன்ற கைக்கும் எட்டணும், வெளிய ஓடி வர்ற மார்ஷல் கைக்கும் எட்டணும். வெளிய, வெள்ளை ஓரம் வெச்ச நீல முக்கோணத்துல சிவப்பு மின்னல். அடிப்பக்கம் 12 சென்டிமீட்டருக்குக் கொறையக் கூடாது. ஸ்டிக்கர் ஒட்ட எடமில்லீன்னா உன்ற பேரை எடுத்துட்டு இதை ஒட்டு. தலைகீழா நிக்கற வண்டிகிட்ட ஓடி வர்றவன் உன்ற பேரைத் தேட மாட்டான்.

அந்த மார்ஷலுக்காகவும், டிராக் ஓரத்துல பொழுது சாய டார்ச்சைப் புடிச்சுக்கிட்டுக் கோளாறு தேடப்போறவனுக்காகவும்தான் கண்ணு வயரிங். ஓட்டறப்ப உனக்கு ஒரு வயரும் கண்ணுல படாது. அதனாலதான் எல்லா வயரையும் ஒரே சிவப்புல போடற உன்ற யோசனை எனக்குப் புடிச்சுது. வெகு அழகு! எது பம்பு, எது பிரேக் லைட்டுன்னு சாமியாடித்தான் சொல்லோணும். அந்தச் செலவு வேண்டாம்னா, கலர் மாத்திப் போடு. ஒவ்வொரு வயருக்கும் ரெண்டு முனையிலயும் ஒரே நம்பரு ஒட்டு. அந்த நம்பரைப் படத்துல எழுதி, படத்தை பிளாஸ்டிக் உறையில போட்டு வண்டியிலயே வை.

எல்லாம் முடிஞ்சப்பறம் ஒரு காரியம் பண்ணு. உன்ற வண்டியை அதுவரைக்கும் தொடாத கூட்டாளி ஒருத்தனைக் கூப்புடு. அவன் பாக்காதப்ப ஒரு பியூஸை உருவி ஜோப்புல போட்டுக்க. படத்தை அவன் கையில குடுத்து, "ஸ்டார்ட் ஆகலீடா, என்னன்னு பாரு"ன்னு சொல்லிட்டு வாயை மூடிக்க. டீ ஆறங்காட்டி அவன் கண்டுபுடிச்சுட்டா, நீ வயரிங் பண்ணியிருக்கற. தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நின்னான்னா, நீ வண்டிக்கு நோம்பி சீரியல் செட்டு கட்டியிருக்கற. மறுபடியும் பிரி.