காட்டுக்குள்ள தட்டு எறியப் போற மாப்பிள்ளைக்கு

ரொம்ப சந்தோசம் மாப்ளே. கருவேலங்காடு வேணாம்னுதான் நம்ம ஆளுக சிவகங்கைச் சீமையை விட்டுக் கெளம்பி இந்தத் துபாய்த் தேராவுல வந்து ஒண்டுனாக. நீ என்னடான்னா தேராவுல சம்பாதிச்ச காசைக் கொண்டு போயி, அமெரிக்காவுல ஒரு காட்டுக்குள்ள பூந்து தட்டு எறியப் போறேங்கிற. முன்னேத்தம்னா இதுதான்.

சார்லட்ல உங்கக்கா வீடு இருக்கு, அத்தான் கூட்டிக்கிட்டுப் போறேன்னு சொல்லிட்டாரு. போயிட்டு வா. போறதுக்கு முந்தி மாமன் சொல்லுறதையும் காதுல வாங்கிக்க. இந்தாளுக்கு டிஸ்க் கோல்ஃபைப் பத்தி என்ன தெரியும்னுதான பாக்குற? லீவு நாள் வந்தா முஷ்ரிஃப் பார்க்குக்குக் கூட்டிக்கிட்டுப் போயி என்னைத் தட்டுப் பொறுக்க விட்டவனே நீதான். எறியிறவனுக்குத் தட்டு எங்க போச்சுன்னுதான் தெரியும். பொறுக்குறவனுக்கு அது ஏன் அங்க போச்சுன்னும் தெரியும்.

மேல் கட்டில்ல படுத்துக்கிட்டு நம்ம கடலாடிக்காரரு காதைத் தீட்டிக்கிட்டுக் கெடக்காரு. அவருக்கும் சேத்தே சொல்லிர்றேன். கோல்ஃபுக்குக் குழி, இதுக்குக் கூடை. இரும்புக் கம்பத்துல ஒரு கூடை, அதுக்கு மேல சுத்தியும் சங்கிலி தொங்கும். தட்டு சங்கிலியில மோதிக் கூடையில விழணும். 18 கூடையையும் கொறஞ்ச எறியில முடிக்கிறவன் கெட்டிக்காரன். தட்டு என்னமோ 21 சென்டிமீட்டர் அகலம், 175 கிராம் எடை. அதை எறியத்தான் எங்க மாப்பிள்ளைக்குத் தனியா ஒரு முதுகுப் பை, தனியா ஒரு சோடிச் செருப்பு, தனியா ஒரு துண்டு.

இதைப் பெருசாக்குனவரு எட் ஹெட்ரிக்னு ஒருத்தரு. ஃபிரிஸ்பீ செய்யிற வாம்-ஓ கம்பெனியில வேலை பாத்தவரு. 1975-ல கலிபோர்னியாவுல ஓக் குரோவ் பார்க்குல மொத மைதானத்தைப் போட்டாரு. அப்ப கூடை கெடையாது, வெறுங்கம்பம்தான். பட்டுச்சா, படலையான்னு ஓயாம வாக்குவாதம். அதுக்குப் பெறகுதான் சங்கிலிக் கூடையைக் கண்டுபுடிச்சு, 1977-ல காப்புரிமையும் வாங்குனாரு. 2002-ல செத்துப்போனாரு. நாமெல்லாம் ராமேஸ்வரத்துல கொண்டு போயிக் கரைப்போம். அவரு தன் சாம்பலைப் புதுத் தட்டுகள்ல கலந்து வார்க்கச் சொல்லிட்டாரு. அப்படியே வார்த்துட்டாக. செத்தும் மரத்துல முட்டணும்னு ஆசைப்பட்ட மனுசன். உனக்கு ஏத்த குருதான்.

எறியிறதையே வெள்ளைக்காரன்தான் கண்டுபுடிச்சான்னு மட்டும் அங்க போயி ஒத்துக்காத. நம்ம சீமையில வளரி எறிஞ்சு மான் அடிச்சிருக்காக, சண்டையும் போட்டிருக்காக. ஈட்டி எறியவும் வளரி எறியவும் எனக்கு மொதமொதல்ல சொல்லிக் குடுத்தவரு சின்ன மருதுதான்னு ஜேம்ஸ் வெல்ஷ்ங்கிற கம்பெனிப் படை அதிகாரி 1830-ல வந்த தன் புத்தகத்துல எழுதி வச்சிருக்கான். அதே ஆளு 1801-ல மருதிருவர் மேல போன படையிலயும் இருந்தான். அந்த வருசம் அக்டோபர் 24-ல அவுக ரெண்டு பேரையும் திருப்பத்தூர்ல தூக்குல போட்டாக. எறியக் கத்துக்குடுக்கும்போது ஆளைப் பாத்துக் கத்துக்குடுக்கணும் மாப்ளே. நான் ஒன்னைப் பாத்துட்டுத்தான் கத்துக்குடுக்குறேன். உன்னால யாருக்கும் ஒரு ஆபத்தும் வராது, மரத்துக்குத்தான்.

இப்பக் காட்டுக்கு வருவோம். சார்லட் பக்கத்து மைதானமெல்லாம் மரத்துக்கு ஊடால வெட்டி வச்ச சந்துகதான். 2012-ல இந்த விளையாட்டோட உலகப் போட்டியே அங்கதான் நடந்துச்சு. ஹார்னெட்ஸ் நெஸ்ட்னு ஒரு பார்க்கு பேரைச் சொன்னியே, அது குளவிக்கூடு. 1780-ல அந்த ஊரைப் புடிக்க வந்த காரன்வாலிஸ் துரை கொட்டுத் தாங்காம அப்படி வஞ்சதா ஊர்க்காரவுக சொல்லுவாக. அமெரிக்காவுல தோத்துட்டு வந்த அதே துரைதான் 1792-ல திப்புகிட்டயிருந்து திண்டுக்கல்லையும் சேலத்தையும் புடுங்குனான். ஒரு காட்டுல அடி வாங்குனவனுக்கு இன்னொரு பக்கம் வழி தெறக்கும்ங்கிறதுக்காகச் சொன்னேன். நீ வாங்கிட்டு வா, திண்டுக்கல் பாத்துக்குவோம்.

அங்க போனதும் நீ மொதல்ல செய்ய வேண்டியது, பலங்கொண்ட மட்டும் எறியிறதுதான். பல்லைக் கடிச்சுக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு எறி. பையில இருக்குறதுலயே வெலை கூடின தட்டா எடுத்து எறி. அப்பத்தான் மொத மரம் ஒன்னைத் தெரிஞ்சுக்கிட்டு, ரெண்டாவது மரத்துக்கும் சொல்லி அனுப்பும்.

தட்டு மேல நாலு நம்பர் போட்டிருக்கா? வேகம், மிதப்பு, வலத்தே திரும்புறது, கடைசியில இடத்தே சாயிறது. நீ மொத நம்பரை மட்டும் பாத்து 12, 13-னு தூரத்துக்கு எறியிற ட்ரைவர் தட்டா அள்ளிக்கிட்டு வந்திருக்க. அந்த 13 தட்டுல இருக்குற வேகம் இல்லப்பு. உன் கையில இருக்க வேண்டிய வேகம். வலது கைக்காரன் பின்கையா எறிஞ்சா, தட்டு கடியாரம் சுத்துற பக்கமாச் சுத்திக்கிட்டுப் போகும். வேகம் கொறையக் கொறைய இடது பக்கம் சாயும். ஓங்கி எறியிறவன் கையில அந்தச் சாய்வு கடைசியிலதான் வரும். உன் கையில கெளம்பும்போதே வந்துருது. வெட்டவெளியில அது ஒரு குத்தமே இல்ல, நடந்து போயி எடுத்துக்கலாம். காட்டுல இடது பக்கம் மரம் நிக்கிதே.

அதனாலதான் சொல்லுறேன், காட்டுக்குள்ள கிட்டக்க எறியிற பட்டர் தட்டை எடு, இல்லைன்னா நடுத்தரத் தூரத்துக்கு எறியிற மிட்ரேஞ்ச் எடு. மொத நம்பர் 2, 3, மிஞ்சினா 5. அது மெதுவாப் போகும், நேராப் போகும், மரத்துல பட்டாலும் பொத்துனு பக்கத்துலயே விழும். ட்ரைவர் மரத்துல பட்டா எங்க தெறிக்கும்னு அந்த மரத்துக்கே தெரியாது. பட்டரை எடுத்து எறிஞ்சா பக்கத்துல நிக்கிறவன் சிரிப்பானேன்னு ஒனக்குக் கூச்சம். சிரிக்கட்டும். அவன் தட்டைத் தேடி அவன் பொதருக்குள்ள போனதும் சிரிப்பு நின்னுரும்.

அல் ராஸ் சந்துல கைவண்டி தள்ளுறவனை நின்னு பாத்திருக்கியா? பாத்திருக்க மாட்ட, போனையே பாத்துக்கிட்டுப் போயி அவன் மேல முட்டியிருப்ப. வந்த புதுசுல நான் அந்த வண்டிதான் தள்ளுனேன். கடையில பெட்டியை ஏத்துனா, ஆள் தலை மறையிற ஒசரம். க்ரீக்குல நிக்கிற லாஞ்சுக்குக் கொண்டு போயிச் சேக்கணும். ரெண்டு பக்கமும் ஏலக்கா மூட்டை, லுமிங்கிற காஞ்ச எலுமிச்சை மூட்டை, நடுவுல படம் புடிக்கிற சுற்றுலாக்காரவுக. தள்ளுறவன் மூட்டையைப் பாக்க மாட்டான், ஆளைப் பாக்க மாட்டான். அடுத்த சந்துத் திருப்பம் வரைக்கும் எம்புட்டு எடம் காலியா இருக்கோ, அதை மட்டும் பாப்பான். திருப்பத்துக்கு முந்தி வண்டியை நிறுத்திருவான். பின்பக்கத்தைக் கொஞ்சம் இழுத்துச் சரி பண்ணிட்டு, பெறகு தள்ளுவான். லாஞ்சு நிக்கிற எடத்தை நெனைச்சுக்கிட்டு ஒரே தள்ளாத் தள்ளுனவன் மசாலாக் கடையில போயி விழுந்து, அந்த மாசச் சம்பளத்தை மஞ்சத்தூளுக்குக் குடுத்துட்டுப் போனதை நான் பாத்திருக்கேன். உன் கூடை 120 மீட்டர்ல இருக்கலாம். ஒனக்கு வேண்டியது மொத 40 மீட்டர்ல இருக்குற சந்துதான். கண்ணை அதுல வையி. மரத்தைப் பாத்துக்கிட்டே எறிஞ்சா மரத்துக்குத்தான் போகும்.

மரத்துல தொண்ணூறு பங்கு காத்துதான்னு உங்க ஆளுக ஒரு வசனம் வச்சிருக்காகளாமே. கேக்க நல்லாத்தான் இருக்கு. தொண்ணூறு பங்கு வேலை சுளுவுன்னுதான் என்னை ஏத்திவிட்ட ஏஜெண்டும் சொன்னான். மீதிப் பத்துப் பங்குலதான் நான் இத்தனை வருசமாக் கெடக்கேன்.

தட்டு மரத்துக்குப் பின்னால மாட்டிக்கிச்சுன்னு வையி. ஒழுங்கு மரியாதையா நடு வழிக்கு எறிஞ்சு போடு. ஒரு எறி நட்டம், அம்புட்டுத்தான். நீ அப்படிச் செய்ய மாட்ட. ரெண்டு அடிமரத்துக்கு ஊடால நாலு விரக்கடை இடுக்கு தெரியும். அதுல விட்டா நேரா கூடைதான்னு மனசுல ஒரு பேய் சொல்லும். விடுவ. பெறகு இன்னொண்ணு விடுவ. கடைசியில நடு வழிக்குத்தான் போடுவ, மூணு எறியைத் தொலைச்சுட்டு. பார்க்குல பாத்ததுதான சொல்லுறேன்.

அந்த முஷ்ரிஃப் பார்க்கு இருக்கே, 5.25 சதுர கிலோமீட்டர். பாலைவனத்துக்குள்ள அம்புட்டுப் பெரிய காட்டைக் காப்பாத்தி வச்சிருக்காக. அதுல நிக்கிற காஃப் மரம் வேற யாரும் இல்ல மாப்ளே, நம்மூரு வன்னிதான். 2008-ல இந்த நாட்டோட தேசிய மரமா அறிவிச்சாக. 2019-ல சகிப்புத்தன்மை ஆண்டுன்னு கொண்டாடுனப்பவும் அதுதான் சின்னம். சின்னத்தைத் தேர்ந்தெடுத்தவுக நீ எறியிறதைப் பாத்துருப்பாக போல. அம்புட்டு அடியையும் வாங்கிக்கிட்டுச் சும்மாதான நிக்கிது அந்த மரம். நம்மூருல விசயதசமிக்கு மகர்நோன்புப் பொட்டல்ல வன்னி மரத்துல அம்பு போடுவாக. சாமியே வருசத்துக்கு ஒரு நாள்தான் அந்த மரத்து மேல கை வைக்கிது. நீ வாரா வாரம் வைக்கிற.

ஒரு தட்டு உச்சிக் கெளையில போயி உக்காந்துக்கிட்டதே, நெனப்பிருக்கா? பாண்டவரு ஆயுதத்தை ஒளிச்சு வச்சதும் வன்னியிலதான். ஒரு வருசம் கழிச்சுத் திரும்பி வந்து எடுத்துக்கிட்டாக. உன் தட்டு இன்னும் மேலதான் இருக்கு. அதை விழுத்தாட்ட இன்னொரு தட்டை எறிஞ்ச பாரு, அதுவும் மேலதான் இருக்கு. செருப்பையும் எறியப் போனவனை நான்தான் கையைப் புடிச்சு நிறுத்துனேன். இது பாதுகாக்குற மரம், கல்லெறியவும் கூடாது, கெளையை ஒடிக்கவும் கூடாது. ஆளு நடக்குற பாதை, சைக்கிள் போற பாதையிலயும் எறியாதன்னா, நான் காவக்காரருகிட்டக் கேட்டுக்கிட்டுத்தான் எறியிறேங்கிற. நல்ல பிள்ளை. அவரு குடும்பத்தோட விளையாடிக்கங்கன்னு சொன்னாரு. குடும்பம்னா நான் மட்டுந்தான் வந்தேன்.

அமெரிக்காக் காட்டுலயும் சட்டம் இருக்கு. எறியிறதுக்கு எடைஞ்சலா இருக்குன்னு கெளையை ஒடிக்கக் கூடாது. தட்டு தொலைஞ்சா மூணு நிமிசந்தான் தேடலாம். அதுக்கு மேல கெடைக்கலைன்னா ஒரு எறி தண்டம், எறிஞ்ச எடத்துக்கே திரும்பிப் போயி எறியணும். மரத்துல ரெண்டு மீட்டருக்கு மேல தொங்குனா, போட்டி நடத்துறவுக முன்னாடியே சொல்லியிருந்தா அதுக்கும் ஒரு தண்டம். கூடைக்குப் பத்து மீட்டருக்குள்ள வந்துட்டா, எறிஞ்ச வேகத்துல முன்னால போயி விழக் கூடாது, நெலையா நிக்கணும். விசா வேலை பாக்குற நம்ம கம்பெனி பியாரோகூட இம்புட்டுத் தண்டம் போட மாட்டாரு.

பொதருக்குள்ள கையை விடுறப்ப மூணு மூணு இலையாக் கொத்தா இருக்குற கொடியைத் தொட்டுறாத. பாய்சன் ஐவின்னு பேரு, அரிப்பு வாரக்கணக்குல நிக்கும். காஞ்ச சருகு கலர்ல காப்பர்ஹெட்னு ஒரு விரியன் கெடக்கும், அது சருகுலயே படுத்திருக்கும். மொதல்ல குச்சியால கிளறு, பெறகு கையை நீட்டு. முன்னால யாராச்சும் நடந்து போனாகன்னா எறியாத. எறிஞ்சு தொலைச்சுட்டா "ஃபோர்"னு கத்து. வெட்கப்படாமக் கத்து.

ஊருக்குப் போறதுக்கு முந்தி இங்க பழகணும்னா விடியக்காலையில போ. ஜூன் 15-லேர்ந்து செப்டம்பர் 15 வரைக்கும் மத்தியானம் 12.30-லேர்ந்து 3 மணி வரைக்கும் வெயில்ல ஆளுகளை வேலை வாங்கக் கூடாதுன்னு இந்த நாட்டுச் சட்டம் சொல்லுது. விளையாடுறவனைப் பத்தி அதுல ஒண்ணும் சொல்லலை. அந்த நேரத்துல எவனும் விளையாடுவான்னு அவுக நெனைச்சே பாத்திருக்க மாட்டாக.

ஆக, பெட்டியில ஒரு பட்டர், ஒரு மிட்ரேஞ்ச் வையி, போதும். அத்தானுக்கு அல்வா வையி, அக்காவுக்குக் குங்குமப்பூ வையி. அந்த ட்ரைவரையெல்லாம் இங்கேயே எவன்கிட்டயாவது வித்துரு. அந்தக் காசுல எங்கிட்ட வாங்குன கைமாத்துல பாதியையாவது டிக்கெட் தேதிக்கு முந்தி குடுத்துட்டுப் போ மாப்ளே.