திருடினால்தான் தழைக்குமா?

கேள்வி: மணி பிளான்ட்டைத் திருடி வைத்தால்தான் வளருமாமே, உண்மையா?

பதில்: கேட்டு வாங்கி வைத்தாலும் ஜோராக வளரும். அதற்குத் தேவை கணு, களவு அல்ல! அவசரத்தில் இலையை மட்டும் கிள்ளி வருபவருக்கு ஏமாற்றம்தான். தண்ணீரில் அது பல நாள் பச்சையாக நிற்கும். தளிர் மட்டும் வராது. தண்டை உற்றுப் பார்த்தால், கணுவை ஒட்டிப் பழுப்பு நிறத்தில் சிறு முண்டு தெரியும். வேர் விடுவது அங்கிருந்துதான். அதற்குக் கீழே வெட்ட வேண்டும்.

பசிபிக் கடலின் மூரியா தீவுதான் இதன் பூர்வீகம். பாட்டிலில் உள்ளங்கை அளவே இருக்கும் இலை, மரத்தில் ஏறினால் முறம்போல் விரியும். பூப்பதோ அபூர்வம், ஜிப்பரெலின் ஹார்மோன் பற்றாக்குறையே காரணம் என்று 2016-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

இலையைக் கடித்தால் வாய் எரியும். குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.